முதலாளியின் முட்டி

"சோபாவைத் தூக்கிட்டா அவங்க எங்கக்கா உட்காருவாங்க?"

"கூண்டுக்குள்ள உட்காரட்டும். நாலு பேர் காலை நீட்டி உட்காரலாம், அளந்து பாத்துத்தான் வாங்கியிருக்கேன்."

"நான் வெளையாடலக்கா."

"நானும் வெளையாடலடா. எட்டு வாரத்துக்கு அவனுமே வெளையாடக் கூடாதாம்."

இவ்வளவு சத்தம் கேட்ட பிறகும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்க எனக்கு மனசு வரவில்லை. துணி காயப்போடுகிற சாக்கில் வாளியோடு நடைபாதைக்கு வந்தேன். வாளியில் ஒன்றும் இல்லை. அதைக் கவனிக்கிற நிலையில் அங்கே யாரும் இல்லை.

எங்கள் கட்டடத்தில் மாடிக்கு இரண்டு வீடு. இரண்டாவது மாடியில் நாங்கள் ஒன்று, எதிரே டிரைவரம்மாவும் அவள் தம்பியும். டிரைவரம்மா பத்தொன்பது வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறாள். வீட்டையும் அப்படித்தான் ஓட்டுகிறாள், இறங்க வேண்டியவர்கள் முன்கூட்டியே எழுந்து நிற்க வேண்டும். வயது நாற்பத்து நான்கு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன், மூன்று முறையும் டீ கொடுத்து அனுப்பிவிட்டாள். தம்பி லிஃப்ட் பழுது பார்க்கிறவன். லிஃப்டே இல்லாத கட்டடத்தில் முப்பத்து நான்கு படி ஏறிக் குடியிருக்கிற லிஃப்ட் மெக்கானிக் இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

மூன்றாவது ஆள் முதலாளி. அது அவர்கள் வீட்டு நாயின் பெயர். ஆறு வயது, பழுப்பு நிறம், முப்பத்தெட்டு கிலோ. ஒரு துரும்பை நகர்த்தாமல் நாள் முழுக்கப் படுத்திருப்பார், ஆனால் அவர் எழுந்தால் வீடே எழுந்து நிற்கும். அதனால் அந்தப் பெயர். நானும் மரியாதை கொடுத்தே பேசிப் பழகிவிட்டேன்.

அந்த முதலாளிக்கு மறுநாள் பின்னங்கால் முட்டியில் ஆபரேஷன். அதிலிருந்து ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை, தம்பி கட்டிக்கொள்ள ஆசைப்படுகிற பெண்ணின் அப்பாவும் அம்மாவும் முதல் தடவையாக வீடு பார்க்க வருகிறார்கள். இருப்பதோ ஒரே ஒரு ஹால். அதில் கூண்டா சோபாவா என்பதுதான் வழக்கு.

"மனுஷனுக்கு முட்டி வலிச்சாலே தைலம் தேய்ச்சுட்டுப் படுத்துக்கறான்," என்றான் தம்பி.

"மனுஷன் வலிக்குதுன்னு வாயால சொல்றான். இவன் மூணு வாரம் மூணு கால்ல நடந்து காட்டினான், நமக்குத்தான் புரியல."

"தெருமுனை டாக்டர் மாத்திரை போதும்னாரு."

"மாத்திரை குடுத்தா வலி தெரியாது. அறுந்தது ஒட்டுமா? ஒரு கால் போனா எல்லா பாரமும் அடுத்த கால்ல ஏறும், அதுவும் போகும். அப்புறம் அவன் எந்திரிக்கவே மாட்டான். ஓடற வண்டிய ஷெட்டுல போட்டுத் துருப்பிடிக்க விட என்னால ஆகாது."

"அவங்க வந்து கேட்டா என்னன்னு சொல்றது? எங்க நாய் எலும்பு டாக்டர்கிட்ட வைத்தியம் பாக்குதுன்னா?"

"ஆமான்னு சொல்லு. பொய் சொல்லிப் பொண்ணு எடுக்காதே."

தம்பி என் பக்கம் திரும்பினான். "எதிர்வீட்டக்கா, நீங்களாவது சொல்லுங்க."

"ரெண்டு பேர் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு," என்றேன். அப்படிச் சொல்லிவைத்தால்தான் பிறகு இரண்டு பேரும் தனித்தனியாக வந்து மீதியைச் சொல்வார்கள். முதலாளி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். இடது பின்னங்காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டி, டீக்கடை பெஞ்சில் இடத்தை அடைத்துக்கொண்டு உட்காருகிற ஆள் மாதிரி.

அன்று சாயங்காலமே சோபா என் வீட்டு ஹாலுக்கு வந்து சேர்ந்தது. வழக்கில் யார் ஜெயித்தார்கள் என்று அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை போனபோது நானும் துணைக்குப் போயிருந்தேன். துணை தேவையா என்று டிரைவரம்மா கேட்டாள். தேவைதான் என்று நானே பதில் சொல்லிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். எலும்பு டாக்டர் சின்ன உருவமாக ஒரு பெண். மேஜை மேல் படுக்கவைத்த முதலாளியின் பக்கத்தில் நின்றால் யார் யாரைப் பார்க்க வந்தவர் என்று சந்தேகம் வரும். ஆனால் மணிக்கட்டைப் பார்த்தால் தச்சுப் பட்டறையில் பாதி நாளைக் கழிப்பவர் போலத் தெரிந்தது. ஒரு கையால் தொடை எலும்பைப் பிடித்து, இன்னொரு கையால் கீழ்க்கால் எலும்பை முன்னால் தள்ளினார். அது மேஜை இழுப்பறை மாதிரி வெளியே வந்து உள்ளே போனது. நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். டிரைவரம்மா கண்ணைச் சிமிட்டவில்லை.

"உள்ள ஒரு தசைநார் இருக்கும்மா. கீழ் எலும்பு நழுவாம இழுத்துப் புடிக்கற கயிறு. அது அறுந்துபோச்சு," என்றார் டாக்டர். பிளாஸ்டிக் எலும்பு ஒன்றை எடுத்துக் காட்டினார். "நமக்கு இந்த எலும்போட மேல்பக்கம் சமமா இருக்கும். நாய்க்குப் பின்பக்கமாச் சரிஞ்சிருக்கும். பாரம் ஏறும்போதெல்லாம் மேல இருக்கற எலும்பு இந்தச் சரிவுல வழுக்குது."

டிரைவரம்மா அந்த எலும்பைக் கையில் வாங்கி ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். "மேட்டுல நிறுத்தின வண்டி. ஹேண்ட்பிரேக் கேபிள் அறுந்துபோச்சு."

"அதேதான்."

"புது கேபிள் போடுவீங்களா?"

"இவ்வளவு எடைக்குக் கேபிள் தாங்காது. எலும்பை வளைவா அறுத்து, மேல்துண்டைக் கொஞ்சம் சுத்தி வெச்சு, தகடும் ஆறு ஸ்க்ரூவும் போட்டு முடுக்கிடுவோம். சரிவு சமமாயிடும்."

"பிரேக்கை விட்டுட்டு ரோட்டையே சமம் பண்றீங்க," என்றாள் டிரைவரம்மா. அவள் ஒருவரைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்ததை அன்றைக்குத்தான் நான் முதல்முதலாகப் பார்த்தேன்.

டாக்டர் அடுத்ததாக, "நாலு கிலோ குறைக்கணும், யாரோ நெறைய பிஸ்கட் குடுக்கறாங்க," என்றார். அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் சுவரில் தொங்கிய எலும்புப் படத்தை உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஆபரேஷன் ஒன்றரை மணி நேரம். காத்திருக்கிற இடத்தில் டிரைவரம்மா முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் எதையோ பிடித்த மாதிரி முன்னால் வைத்து, நீளமான சிவப்பு சிக்னலில் நிற்பவளைப் போல உட்கார்ந்திருந்தாள். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது ஒன்றரை நாள்.

மறுநாள் முதலாளியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தொடை வரைக்கும் முடியை வழித்து, கழுத்தில் பிளாஸ்டிக் புனல் மாட்டி, காலில் நீளமாகத் தையல் போட்டிருந்தார்கள். பாதி ஷேவ் செய்த கோழி மாதிரி இருந்தார். மாடிப்படியின் அடியில் தம்பி நின்றிருந்தான். கையில் லிஃப்ட் மோட்டாரைத் தூக்குகிற அகல நாடா பெல்ட் இரண்டு. நடுவில் பழைய தார்ப்பாயை வைத்துத் தைத்திருந்தான். நாலு மூலையிலும் கைப்பிடி.

டிரைவரம்மா அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் இதுக்கெல்லாம் ஒத்துக்கல," என்றான் தம்பி. "பாரம் தூக்கறதுன்னா முறையா தூக்கணும். அவ்வளவுதான்."

அன்று தொடங்கியது. ஒரு நாளைக்கு மூன்று முறை முதலாளியைக் கீழே இறக்க வேண்டும். கீழே முற்றத்தில் வயிற்றுக்கடியில் ஒரு துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தபடி ஐந்து நிமிடம் நடத்த வேண்டும். பிறகு மேலே ஏற்ற வேண்டும். காலையில் அக்காவும் தம்பியும். சாயங்காலம் அக்காவும் தம்பியும். மதியம் டிரைவரம்மா ஒரு நடை முடிந்து அடுத்த நடை தொடங்குவதற்குள் சீருடையோடு ஓடி வருவாள். பெல்ட்டின் மறுமுனைக்கு ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று நான் எட்டிப் பார்த்தபோது கைப்பிடி என் கையில் இருந்தது.

ஒவ்வொரு அடிக்கும் டிரைவரம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வாள். "மெதுவா." அவர் ஒரு அடி வைப்பார். "மெதுவா." இன்னொரு அடி. ஐந்து நிமிடம் முடிந்ததும் ஒரு துண்டு வெள்ளரிக்காய். பிஸ்கட்டுக்கு வெள்ளரிக்காய் எந்த வகையில் ஈடு என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்கிற மாதிரி இருக்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

கஷ்டம் அதில் இல்லை. கஷ்டம் ஒரு வார்த்தையில் இருந்தது.

ஆறு வருடமாகத் தினமும் காலையில் டிரைவரம்மா சாவியை எடுத்துக்கொண்டு, "போலாமா?" என்று கேட்பாள். கேட்டதும் முதலாளி இரண்டு பின்னங்காலில் எழும்பி, முன்னங்கால் இரண்டையும் கதவில் வைத்துக் குதிப்பார். ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள் தம்பி அந்தப் பெண்ணோடு போனில் பேசிக்கொண்டே, "சனிக்கிழமை படத்துக்குப் போலாமா?" என்றான். மேலே மூடியில்லாத அந்தக் கூண்டுக்குள் படுத்திருந்த முதலாளி முன்னங்கால்களைக் கம்பியில் தூக்கி வைத்துவிட்டார். நல்லவேளை, வலி மாத்திரையின் அசதி மிச்சமிருந்ததால் பின்பக்கம் எழும்பவில்லை. டாக்டருக்குப் போன் போட்டார்கள். ஒரே ஒரு குதி போதும், ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வரும், எலும்பு இரண்டாகும், அப்புறம் என்னாலும் முடியாது என்று அவர் சொன்னாராம்.

மறுநாள் காலை அவர்கள் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "இந்த வீட்டில் எங்கும் செல்லும் பேச்சு எடுக்கக் கூடாது."

சொல்வது சுலபம். அந்த வார்த்தை இல்லாமல் ஒரு நாள் பேசிப் பாருங்கள்.  கடைக்கு, வேலைக்கு, தூங்க, ஏன், ஒரு பேச்சு அலுத்துவிட்டால் அடுத்த பேச்சுக்கே போலாம் என்கிறோம். தம்பி "கிளம்பலாம்" என்று மாற்றினான். இரண்டே நாளில் முதலாளிக்கு அதுவும் புரிந்துவிட்டது. "பொறப்படலாம்" மூன்று நாள் தாங்கியது. கடைசியில் அவன் போனில், "நாம் சனிக்கிழமை மாலை திரைப்படத்திற்குச் செல்வோமாக," என்று பேசுவதை என் இரண்டு காதாலும் கேட்டேன். அந்தப் பெண் கண்ணாடிக்கடையில் பவர் பரிசோதிக்கிறவள், பொறுமைசாலி. "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாளாம். விஷயத்தைச் சொன்னதும் ஐந்து நிமிடம் சிரித்துவிட்டு, "ஆகட்டும், அவ்வாறே செய்வோமாக," என்றாளாம். அன்றைக்கே இந்தக் கல்யாணம் நடக்கும் என்று நான் முடிவு செய்துவிட்டேன். அவர்கள் வீட்டில் முடிவாக இன்னும் நாள் ஆனது.

ஐந்தாவது ஞாயிறு வந்தது. என் வீட்டு ஹாலில் இருந்த சோபாவை அந்த ஒரு நாளைக்குத் திருப்பிக் கேட்டார்கள். சோபாவைக் கொண்டுபோய்க் கொடுத்த கையோடு நானும் அதில் உட்கார்ந்துகொண்டேன். ஹாலில் பாதி கூண்டு, பாதி சோபா. நடுவில் டீத் தட்டை நீட்டுகிற அளவுக்கு மட்டும் இடம்.

பெண்ணின் அப்பா வீடு மாற்றித் தருகிற லாரி வைத்திருப்பவர். பீரோவை முதுகில் கட்டி மூன்று மாடி ஏற்றுகிற ஆள். கதவில் நுழைந்ததும் நிலைப்படியின் அகலத்தைக் கண்ணால் அளந்துவிட்டுத்தான் எங்களுக்கு வணக்கம் சொன்னார். அம்மா கைக்குட்டையால் சோபாவைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார், பக்கத்தில் அந்தப் பெண். அவர் பார்வை கூண்டை விட்டு நகரவில்லை.

"கடிக்குமா?"

"ரெண்டு மாசத்துக்கு எதுக்கும் அனுமதி இல்லம்மா," என்றாள் டிரைவரம்மா. இஸ்திரி போட்ட புது உடுப்பில் இருந்தாள். ஒரு கை மட்டும் எப்போதும் கூண்டின் விளிம்பில்.

அந்த அம்மா டீயை ஒரு வாய் குடித்தார். "ஒரு நாய்க்கே பத்துப் பேரைக் கூட்டிப் படியேத்தி எறக்கறீங்கன்னு பொண்ணு சொன்னா. நாளைக்கு எம்பொண்ணுக்குக் கால் ஒடிஞ்சா?"

"அவளுக்கு இவ்வளவு வேலை இருக்காதும்மா. ரெண்டு கால்தானே."

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். லாரிக்காரர் மீசைக்குள் சிரித்தது எனக்குத் தெரிந்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை.

பேச்சு நன்றாகத்தான் போனது. வேலை, வீடு, தண்ணீர் வருகிற நேரம் எல்லாம் பேசி முடிந்தது. பிறகு லாரிக்காரர் இரண்டு கையாலும் தொடையைத் தட்டி, மூச்சை இழுத்து, "சரி, அப்ப..." என்றார்.

உலகத்தில் எந்த வீட்டுக்கு வந்த விருந்தாளியும் தொடையைத் தட்டிவிட்டு அடுத்து என்ன வார்த்தை சொல்வார் என்பது எல்லாருக்கும் தெரியும். இத்தனை முன்னேற்பாடு செய்தவர்களுக்கு இது மட்டும் தோன்றவில்லை. தம்பிக்கு முகம் வெளுத்தது.

"அப்பா, இன்னொரு டீ குடிங்க," என்றாள் அந்தப் பெண். எங்கிருந்துதான் அந்த வேகமோ.

அவர் குடித்தார். தொடையைத் தட்டினார். "சரி, அப்ப நாங்க..."

"சார், மாடியைப் பாக்கலையே நீங்க," என்றான் தம்பி. மாடியில் தண்ணீர்த் தொட்டியைத் தவிர ஒன்றும் இல்லை. பார்த்துவிட்டு வந்தார்கள். மூன்றாவது டீ வந்தது. அந்த அம்மா மகளிடம், "இவங்க நம்மள அனுப்பவே மாட்டாங்களா?" என்று கேட்டது எல்லாருக்கும் கேட்டது. பெண் அம்மாவின் காதில் விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மா கூண்டைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், பிறகு கணவரின் காதில் சொன்னார். அவர் புரிந்துகொண்டு, வாயில் விரலை வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் எழுந்தார். எல்லாரும் எழுந்தோம். கைகூப்பல் எல்லாம் ஊமைப் படம் மாதிரி நடந்தது. ஒரு வார்த்தை சிந்தாமல் வாசல் வரைக்கும் வந்துவிட்டார்கள்.

அப்போதுதான் எதிர்க்கதவு திறந்தது. எங்கள் வீட்டுக்காரர் முப்பது வருடம் சந்தையில் ஏலம் கூவியவர். ஓய்வு பெற்றது அவர்தான், தொண்டை இல்லை. சாயங்காலம் என்னைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தது அந்த நேரம் பார்த்தா அவருக்கு நினைவு வர வேண்டும்.

"ஏய், போலாமா?"

முதலாளி எழும்பினார். ஐந்து வாரம் அடக்கிவைத்த குதி அது. புனல் கூண்டில் மோதியது, முன்னங்கால் கம்பிக்கு மேலே வந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டிரைவரம்மா கம்பியைத் தாண்டித் தலைகுப்புற உள்ளே விழுந்தாள். இரண்டு கையாலும் அவர் இடுப்பை வளைத்து, தன் உடம்பைக் கீழே போட்டு, அந்தக் காலில் பாரம் விழாமல் அப்படியே மேலே தாங்கினாள். முப்பத்தைந்து கிலோ துள்ளுகிறது. அவள் முழங்கை தரையில் உரசிய சத்தம் கேட்டது.

"அடியைப் புடிம்மா, அடியைப் புடி," என்று ஒரு குரல். லாரிக்காரர் செருப்போடு கூண்டுக்குள் இருந்தார். ஒரு கையை மார்புக்குக் கீழே கொடுத்து, இன்னொரு கையால் தொடைக்கடியில் தாங்கி, பீரோவைச் சாய்க்கிற மாதிரி முதலாளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைத்தார். பிறகு கொஞ்சம் யோசித்து, எழுந்துவிடாமல் இருக்க அவர் மேலேயே பாதி உடம்பைச் சாய்த்துக்கொண்டார். கீழே அக்கா, நடுவில் நாய், மேலே வருங்காலச் சம்பந்தி. தம்பி வாசலில் கல்லாக நின்றான்.

எங்கள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ஏன், விருந்தாளிங்க அங்க எதுக்குப் படுத்திருக்காங்க?" என்று கேட்டார். அவரை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இந்த முறை தம்பியும் லீவு போட்டுவிட்டு வந்தான். முட்டி வீங்கியிருந்தது. முதலாளி காலைத் தரையில் வைக்கவே இல்லை. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டி ஒவ்வொரு ஸ்க்ரூவாக விரலால் தொட்டு எண்ணினார். நாலாவதில் விரல் நின்றது. டிரைவரம்மா முழங்கைக் கட்டோடு சுவரில் சாய்ந்து நின்றாள். நான் எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் வீட்டுக்காரர் பேரைச் சொல்லி மன்னிக்கச் சொன்னேன்.

"நகரல," என்றார் டாக்டர். "சதைதான் இழுத்துக்கிச்சு. குதிச்சு எறங்கியிருந்தா போயிருக்கும். யார் புடிச்சது?"

 தம்பி டிரைவரம்மாவின் கட்டுப்போட்ட கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டான்.

"ரெண்டு வாரம் கூட ஆகும். எட்டு இல்ல, பத்து," என்றார் டாக்டர்.

"பன்னெண்டுகூடச் சொல்லுங்க," என்றாள் டிரைவரம்மா. "நான் இருக்கேன்."

வெளியே வந்ததும் தம்பி, "மதியம் எதிர்வீட்டக்கா வேணாம். நான் சாப்பாட்டு நேரத்துல வந்து தூக்கறேன்," என்றான். எனக்கு இடுப்புக்கு நிம்மதி. மனசுக்குக் கொஞ்சம் ரோஷம். பெல்ட்டை நான் எந்த அளவுக்கு முறையாகப் பிடிப்பேன் என்பது அவனுக்கென்ன தெரியும். மறுநாள் மதியமும் நான் படியில் போய் நின்றேன்.

அந்த வீழ்ச்சிக்குப் பிறகு பெண் வீட்டிலிருந்து நாலு நாள் பேச்சே இல்லை. முறிந்தது என்று கீழ்வீட்டில் சொல்லிவிட்டேன். ஐந்தாம் நாள் அந்த அம்மாவே போன் செய்து, முதலில் நாயின் முட்டியைத்தான் விசாரித்தாராம். கீழ்வீட்டில் போய் மாற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. லாரிக்காரர் ஞாயிறுதோறும் வர ஆரம்பித்தார். வீடு பார்க்க அல்ல. பெல்ட்டின் தையலைச் சரிபார்க்க.

பத்து வாரம் முடிந்தது. எலும்பு ஒட்டிவிட்டது என்று டாக்டர் படத்தில் காட்டினார். அறுத்த கோடே தெரியவில்லை. எடை முப்பத்து நாலு. என்னைப் பார்த்து, "பிஸ்கட் நின்னுடுச்சு போல," என்றார். நான் எலும்புப் படத்தைப் பார்த்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நடைபாதையில் எல்லாரும் கூடிவிட்டோம். கூண்டின் கதவைத் தம்பி கழற்றி, முதலாளியை வாசல் வரைக்கும் நடத்தி வந்தான். புனல் இல்லை. வழித்த காலில் முடி குச்சி குச்சியாக முளைத்திருந்தது. டிரைவரம்மா சாவியைக் கையில் எடுத்தாள். பத்து வாரமாக அந்த வாயிலிருந்து வராத வார்த்தை; சொல்லுமுன் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"போலாமா?"

முதலாளி காதைத் தூக்கினார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு நாலு காலையும் மடக்கி, வயிற்றைத் தரையோடு அழுத்தி, தலையைத் தாழ்த்திப் படுத்துக்கொண்டார்.

"டேய், போலாமா?"

இன்னும் தட்டையானார்.

டிரைவரம்மா சாவியைக் கீழே போட்டுவிட்டு அவர் பக்கத்தில் குனிந்தாள்.  "வலிக்குதாடா? எந்திரிக்க முடியலையா?" என்றாள். தம்பி மண்டியிட்டு முட்டியைத் தொட்டுப் பார்த்தான், வீக்கம் இல்லை. எனக்குத்தான் முதலில் விளங்கியது. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. கடைசியாக அந்த வார்த்தையைக் கேட்டபோது அவர் மேல் இரண்டு பேர் வந்து விழுந்தார்கள். மூன்றாவது முறை கேட்டால் நிச்சயம் கட்டடமே விழும் என்று அவர் காத்திருந்தார்.

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தம்பி, "அக்கா, அவசரப்படாதே. கொஞ்சம் மெதுவா..." என்றான்.

முதலாளி பின்னங்கால் இரண்டிலும் எழும்பி அவன் தோளில் கை வைத்துவிட்டார். வால் என் வாளியைத் தட்டிக் கவிழ்த்தது. பத்து வாரமாக அந்த வீட்டில் வெளியே கூட்டிப்போவதற்கும், வெள்ளரிக்காய்க்கும், காற்றுக்கும், மண்ணுக்கும் ஒரே சொல் "மெதுவா"தான். அவர் அகராதியைத் திருத்திவிட்டார், எங்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

டிரைவரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்தாள். அது சிரிப்பினால்தான் என்று சொன்னாள். நான் கேட்கவே இல்லை.

கதவில் இருந்த தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் ஒட்டினார்கள். படியேறி வருகிற யாரையும் யாரும் மெதுவா என்று சொல்லிவிடக் கூடாதே, அதனால் அதில் இரண்டே வார்த்தை: "அவசரமாக வரவும்."

மூன்று மாதம் கழித்துத் தம்பிக்கும் அந்தப் பெண்ணுக்கும் கல்யாணம் ஆனது. நகரத்தின் மறுபக்கத்தில் ஒன்பதாவது மாடியில் வீடு பார்த்தார்கள்; லிஃப்ட் உள்ள கட்டடம், அதை இவனே பழுது பார்க்கிறான், அதனால் அடிக்கடி நடந்துதான் ஏறுகிறான் என்று கேள்வி. வீடு மாற்றுகிற அன்று மாமனாரே லாரியோடு வந்தார். கூடவே நாலு ஆள். தம்பியின் பீரோவைக் கதவுக்கு வெளியே கொண்டுவந்து, முதல் படியில் சாய்த்து, வழக்கம்போலக் குரல் கொடுத்தார்.

"மெதுவா... மெதுவா... அடியைப் பாத்து, மெதுவா..."

அவர் தொழிலில் அந்த வார்த்தை இல்லாமல் ஒரு நாற்காலிகூட நகராது. தாள் ஒட்டியவர்களுக்கு இதுவும் தோன்றவில்லை. முதலாளி என் காலுக்கிடையில் புகுந்து, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த ஒரு சாண் இடத்தில் நுழைந்து, முப்பத்து நான்கு படியையும் நாலு காலால் இறங்கினார். ஆட்கள் பீரோவைத் தோளில் வைத்தபடி சுவரோடு ஒட்டி நின்றார்கள். டிரைவரம்மா கத்தவில்லை. கைப்பிடிச் சுவரில் குனிந்து, அந்தக் காலை மட்டும் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக உதட்டை அசைத்து எண்ணினாள். கடைசிப் படியைத் தாண்டியதும் மூச்சை விட்டாள்.

எலும்பு டாக்டர் அந்த வருடக் கடைசியில் வேறு நகரத்துக்கு மாற்றலாகிப் போனார். போகுமுன் டிரைவரம்மாவின் பேருந்தில் ஒரு நடை முழுக்க ஏறி உட்கார்ந்து வந்தாராம். டிரைவரம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாலாவது விதமாகவும் கேட்டேன், டீ கொடுத்தாள். சோபா என் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அன்று லாரி கிளம்பும்போது புதுமணப்பெண் ஜன்னலில் தலையை நீட்டி, "சரி, நாம் செல்வோமாக," என்றாள். தம்பி கையை ஆட்டினான். டிரைவரம்மா பதிலுக்குக் கையை ஆட்டவில்லை, கழுத்துப்பட்டையைப் பிடித்திருந்தாள். முதலாளி வாசல் நடுவில் உட்கார்ந்து லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பின்னங்காலையும் உடம்புக்கடியில் ஒரே அளவாக மடக்கி, யார் இடத்தையும் அடைக்காமல்.